கடல் மணலில் கால் தேறிய குதிரை: றெட் றம்மின் கதை

சித்திரை வருடப்பிறப்பை அண்டி வரும் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் இல்ஃபோர்ட் ஹை றோட்டில் நடந்து செல்பவர்கள், பந்தயக் கடைகளின் வாசலில் வழமைக்கு மாறான கூட்டத்தைக் காண்பார்கள். ஆண்டு முழுவதும் அந்தப் படியை மிதிக்காதவர்கள்கூட அன்று உள்ளே நுழைந்து வருவார்கள். அன்றுதான் லிவர்பூல் நகரின் புறத்தே, எயின்ட்ரீ மைதானத்தில், கிராண்ட் நஷனல் என்னும் குதிரைப் பந்தயம் நடைபெறுகின்றது.

அத்தகைய ஒரு நாளில் வருடப்பிறப்புக்குச் சாமான் வாங்கச் சென்ற எம்மை, அறிந்த இளைஞர் ஒருவர் மறித்தார். "அண்ணை, இண்டைக்குப் பெரிய றேஸ். ஒரு ஐஞ்சு பவுணை வைச்சுப் பாருங்கோவன்" என்றார். நாம் சிரித்து மறுத்தோம். அருகில் நின்ற முதிய ஆங்கிலேயர் ஒருவர் எமது பேச்சின் பொருளை ஊகித்து, தமது வாழ்நாளில் குதிரை என்று சொல்லத்தக்கது ஒன்றுதான் ஓடியது, அதன் பெயர் றெட் றம், மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால் ஓடியவை என்றார். 'றம்' என்றதும் எமக்கு நினைவில் வந்தது போத்தல்தான் என்பதை ஒளிப்பானேன்? வீடு திரும்பி அக்குதிரையின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்தபின், இந்த நாட்டில் வாழவந்த எம்மவர் யாவரும் அறிந்திருக்கவேண்டிய கதை அது என்று தோன்றியது.

குதிரை எமக்கு அந்நியமான பிராணி அன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களின் எல்லையில் ஐயனார் ஏறிவரச் சுடுமண் குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன. எமது நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டின்றி மேய்கின்றன. ஓட்டப் பந்தயம் என்றால் யாழ்ப்பாணத்தவருக்கு மாட்டுவண்டிச் சவாரிதான். சவாரித் திடலில் புழுதி கிளம்ப, கொம்பு சீவிய காளைகள் பாயும்போது வரம்பில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் இல்ஃபோர்ட்டிலும் உள்ளனர். அவர்களுக்கு இக்கதையை விளங்கிக்கொள்வது கடினமன்று.

முதலில் கிராண்ட் நஷனல் எத்தகையது என்பதைச் சொல்லவேண்டும். 1839 இலிருந்து எயின்ட்ரீயில் நடந்துவரும் இப்பந்தயம் வெறும் ஓட்டமன்று, தாண்டி ஓடும் ஓட்டம். றெட் றம்மின் காலத்தில் அதன் தூரம் ஏறத்தாழ நாலரை மைல். இரண்டு சுற்றுகளில் குதிரைகள் 30 தடைகளைத் தாண்டவேண்டும். அவற்றுள் 'பீச்சர்ஸ் புறூக்' என்னும் தடையில் பாயும் பக்கத்தைவிட இறங்கும் பக்கம் தாழ்ந்திருக்கும். நிலம் இருக்குமென்று நம்பிக் கால் வைக்கும் குதிரைக்கு அங்கே நிலம் இராது. புறப்பட்ட குதிரைகளில் பாதிகூட முடிவிடத்தை அடையாத ஆண்டுகள் பல.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இப்பந்தயத்தில் எல்லாக் குதிரைகளும் ஒரே பாரத்தைச் சுமப்பதில்லை. முன்னைய ஓட்டங்களில் திறமை காட்டிய குதிரைக்குக் கூடிய பாரமும், மெலிந்ததற்குக் குறைந்த பாரமும் விதிக்கப்படும். ஓட்டுபவரின் எடை போதாவிடில் சேணத்தில் ஈயத் தகடு செருகப்படும். ஆகவே ஒருமுறை வென்ற குதிரை மறுமுறை வருகையில், தனது வெற்றியையே முதுகில் சுமந்து ஓடவேண்டும். இதன் காரணமாகவே கிராண்ட் நஷனலை இருமுறை வெல்வது அரிது. மூன்றுமுறை வென்ற குதிரை இன்றுவரை ஒன்றே ஒன்றுதான்.

அக்குதிரை 1965 ஆம் ஆண்டு அயர்லாந்தின் கில்கெனி மாவட்டத்திற் பிறந்தது. தாயின் பெயர் மாரெட், தந்தையின் பெயர் குவோரம். இரு பெயர்களின் ஆங்கில எழுத்துகளிலும் கடைசி மூன்றை எடுத்துச் சேர்த்து 'றெட் றம்' என்று பெயரிட்டார்கள். அப்பெயரை ஆங்கிலத்தில் பின்னிருந்து வாசித்தால் 'கொலை' என்று பொருள்படும் சொல் வருமென்று வேடிக்கையாகச் சொல்வார்கள். குறுந்தூர ஓட்டத்துக்குரிய பரம்பரையிற் பிறந்த அந்தக் குட்டி நாலரை மைல் ஓடுமென்று அன்று எவரும் நினைக்கவில்லை.

டப்ளினில் நடந்த ஏலத்தில் 400 கினிக்கு விலைபோன குட்டி, கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்தது. 1967 இல், இரண்டு வயதில், தனது முதல் ஓட்டத்தை அது ஓடியது எயின்ட்ரீ மைதானத்தில் என்பது குறிப்பிடத்தக்கது. தடையற்ற குறுந்தூர ஓட்டம் அது. வென்ற குதிரையை உடனே ஏலத்தில் விடும் தாழ்ந்த தரப் பந்தயம். அதில் இன்னொரு குதிரையுடன் சமமாக முடித்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. அதன்பின் அடுத்த ஐந்தாண்டுகளில் அது கைமாறிக் கைமாறிச் சென்றது. அதனைப் பயிற்றியவர்கள் மொத்தம் ஐவர். ஒவ்வொரு லாயத்துக்கும் ஒவ்வொரு முறை, ஒவ்வொரு தீனி, ஒவ்வொரு மொழி. புதிய இடத்துக்குப் பழகுவதற்குள் அடுத்த இடம். இந்த வரியைப் படிக்கும்போது முகாமிலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து வாடகை அறைக்கும் பெட்டி தூக்கியவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இதற்கிடையில் அதன் காலில் நோய் கண்டது. குளம்புக்குள் இருக்கும் எலும்பு அழற்சியுறும் நோய் அது. பந்தயக் குதிரைக்கு இதைவிடக் கொடிய செய்தி வேறில்லை. ஓடும் குதிரையின் பாரம் முழுவதும் ஒரு கணம் ஒரே குளம்பில் இறங்குகின்றது. அக்குளம்பின் எலும்பே நோகும்போது குதிரை எவ்வாறு பாயும்? இந்நோய் கண்ட குதிரைகளைப் பெரும்பாலும் ஓட்டத்திலிருந்து விலக்கிவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் ஜின்ஜர் மக்கெயின் என்பவர் கதைக்குள் வருகின்றார். லிவர்பூலுக்கு வடக்கேயுள்ள சவுத்போர்ட் என்னும் கடற்கரை ஊரில் வாடகைக்கார் ஓட்டியும், பழைய கார்களை வாங்கி விற்றும் பிழைத்தவர் அவர். கார் விற்கும் கடையின் பின்புறத்தில் இருந்த சிறு லாயத்தில் சில குதிரைகளை வைத்துப் பயிற்றினார். பெரிய பயிற்றுநர்களுக்குப் பரந்த புல்வெளிகள் சொந்தமாக இருந்தன. மக்கெயினுக்குப் புல்வெளி இல்லை. கடல் வற்றும்போது வெளிப்படும் ஈரமணல்தான் அவருடைய மைதானம்.

அவருடைய காரில் சனிக்கிழமைகளில் பயணஞ்செய்யும் வாடிக்கையாளர் நோயல் லு மேர். எண்பது வயதைக் கடந்த பொறியியலாளரான அவருக்கு இளமையில் மூன்று ஆசைகள் இருந்தனவாம்: அழகிய பெண்ணை மணப்பது, பத்து லட்சம் பவுண் சேர்ப்பது, கிராண்ட் நஷனலை வெல்வது. முதல் இரண்டும் கைகூடிவிட்டன. மூன்றாவதற்காக 1972 ஆகஸ்ட் மாதம் டொன்காஸ்டர் ஏலத்தில் 6,000 கினி, அதாவது 6,300 பவுண், கொடுத்து மக்கெயின் இக்குதிரையை வாங்கிக்கொடுத்தார். குளம்பு நோயைப்பற்றி அவர்கள் அறிந்திருக்கவில்லை.

குதிரையை முதன்முதலாகக் கடற்கரை மணலில் ஓடவிட்டபோது அது நொண்டியது. மக்கெயினின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். ஒரு முதியவரின் கடைசி ஆசை அவருடைய கண்முன்னே நொண்டிக்கொண்டு நின்றது. குதிரையைக் கடலுக்குள் இறக்கி நடத்துமாறு அவர் பணித்தார். குளிர்ந்த உப்புநீரில் நடந்துவிட்டு வெளியே வந்த குதிரை நொண்டவில்லை. அதன்பின் நாள்தோறும் மணலில் ஓட்டம், கடலில் நடை. கடினமான தரையைப்போல் ஈரமணல் குளம்பை அறையவில்லை, நீரும் சூட்டைத் தணித்தது. அந்த இலையுதிர் காலத்தில் றெட் றம் தொடர்ந்து ஐந்து ஓட்டங்களில் வென்றது.

1973 மார்ச் 31. எயின்ட்ரீயில் அன்று மக்களின் கண் இரு குதிரைகள்மீதே இருந்தது. ஒன்று றெட் றம், மற்றது அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிறிஸ்ப் என்னும் உயர்ந்த குதிரை. கிறிஸ்ப்புக்கு விதிக்கப்பட்ட பாரம் 168 இறாத்தல். றெட் றம்முக்கு 145. றிச்சர்ட் பிற்மன் ஓட்டிய கிறிஸ்ப், தடைகளைத் தடைகளாகவே கருதாமல் பாய்ந்து தனியே முன்சென்றது. பின்னே வந்தவற்றுள் அதனைத் துரத்தியது பிறையன் பிளெச்சர் ஓட்டிய றெட் றம் ஒன்றே. கடைசித் தடையைத் தாண்டியபோதும் கிறிஸ்ப் வெகுதூரம் முன்னே இருந்தது. ஆனால் அதன் கால்கள் தளரத் தொடங்கிவிட்டன. 23 இறாத்தல் மேலதிக பாரம் அந்தக் கடைசிப் பாதையில் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. முடிவிடத்துக்குச் சில அடிகள் இருக்கையில் றெட் றம் அதனைப் பிடித்து, முக்கால் குதிரை நீளத்தில் முந்தியது. எடுத்த நேரம் 9 நிமிடம் 1.9 செக்கன். 1934 ஆம் ஆண்டுச் சாதனையைவிட 18 செக்கனுக்கு மேல் குறைவு.

அன்று பலர் கிறிஸ்ப்புக்காகவே கண்ணீர் விட்டார்கள். வென்றது பாரமே, குதிரையன்று என்று பேசினார்கள். அப்பேச்சுக்கு மறுமொழி மறு ஆண்டில் வந்தது. 1974 இல் 168 இறாத்தல் பாரத்தை றெட் றம்மின் முதுகிலேயே ஏற்றினார்கள். அதைச் சுமந்துகொண்டே அது மீண்டும் வென்றது. மூன்று வாரத்தின் பின் ஸ்கொட்லாந்தின் கிராண்ட் நஷனலையும் வென்றது. 1975 இல் லெஸ்கார்கோ என்ற குதிரைக்கு அடுத்ததாக இரண்டாமிடம். 1976 இல் றாக் ட்ரேட் என்ற குதிரைக்கு அடுத்ததாக மீண்டும் இரண்டாமிடம். காலம் முடிந்துவிட்டது என்றார்கள் அறிந்தவர்கள். பதினொரு வயதைத் தாண்டிய குதிரைக்கு எயின்ட்ரீயில் என்ன வேலை என்று கேட்டார்கள்.

1977 ஏப்ரல் 2 ஆம் திகதி, பன்னிரண்டாவது வயதில், டொமி ஸ்டாக் ஓட்ட, அது ஐந்தாவது தடவையாக அந்தக் கோட்டில் வந்து நின்றது. முன்னொரு காலத்தில் இக்குதிரைக்குச் சிறிது காலம் பயிற்றுநராகவும் இருந்தவர் ஸ்டாக். முன்னோடிய குதிரைகள் விழுந்தும் தளர்ந்தும் போக, றெட் றம் தனியே வந்தது. கடைசித் தடையைத் தாண்டியபோது அரங்கமே எழுந்து நின்றது. 25 குதிரை நீளம் பின்னால்தான் அடுத்த குதிரை. ஐந்து ஆண்டுகள், ஐந்து ஓட்டங்கள், 150 தடைகள். ஒன்றிலேனும் அது விழவில்லை. மூன்று முதலிடம், இரண்டு இரண்டாமிடம். இக்கணக்கை இன்றுவரை எந்தக் குதிரையும் எட்டவில்லை.

அதன் புகழுக்கு வேறொரு காரணமும் உண்டு. எழுபதுகளில் எயின்ட்ரீ மைதானமே விற்பனைக்குப் போய், பந்தயம் நின்றுவிடும் என்ற அச்சம் நிலவியது. 1975 இல் அனுமதிக் கட்டணம் மும்மடங்காக்கப்பட்டதால் கூட்டம் வெகுவாகச் சுருங்கியது. அந்த இருண்ட ஆண்டுகளில் மக்களின் கண்ணைப் பந்தயத்தின் பக்கம் திருப்பி வைத்திருந்தது றெட் றம். ஈற்றில் மக்களிடம் நிதி திரட்டி 1983 இல் மைதானம் காப்பாற்றப்பட்டது. ஒரு குதிரை தனது களத்தையே காத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

1978 இல் ஆறாவது முறை ஓடுவதற்கு முதல்நாள், காலில் மயிரிழை முறிவு காணப்பட்டு அது ஓய்வு பெற்றது. ஓய்வு என்று பெயரே தவிர வேலை குறையவில்லை. 1977 இல் பிளாக்பூல் நகரத்து மின்விளக்கு விழாவைத் தொடக்கி வைத்தது அக்குதிரைதான். அவ்வாண்டு பி.பி.சி. தொலைக்காட்சி விழாவில் நேரடியாகத் தோன்றியபோது, வேறிடத்திலிருந்து பேசிய ஸ்டாக்கின் குரலைக் கேட்டுக் காதை நிமிர்த்தியது. அதைக் கண்டு நாடே உருகியது. கடைத் திறப்பு, பாடசாலை விழா என்று எங்கும் அதனை அழைத்தார்கள். கிராண்ட் நஷனல் அணிவகுப்பிலும் அது பல ஆண்டுகள் முன்சென்றது.

1995 ஒக்டோபர் 18 ஆம் திகதி, முப்பதாவது வயதில், றெட் றம் இறந்தது. எயின்ட்ரீயில், முடிவிடக் கம்பத்தின் அருகே அதனைப் புதைத்தார்கள். நாட்டின் பத்திரிகைகள் அதற்காகப் பக்கங்களை ஒதுக்கின.

அந்த வாரத்தை எம்மவர் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கின்றனர். அதற்கு முதல்நாள், ஒக்டோபர் 17 இல், வலிகாமத்தை நோக்கி இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அம்மாதம் 30 ஆம் திகதி இரவு, மழையில், குடாநாட்டின் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு செம்மணி வெளியால் நடந்தது. இல்ஃபோர்ட்டில் அந்நாட்களில் தொலைபேசி அட்டைகளைச் சுரண்டி, எண்களை அழுத்தி, மணி அடிக்காத மறுமுனையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பத்திரிகைக் கடையில் குதிரையின் படம் தொங்கியிருக்கும். நாம் அதைக் கண்டும் காணவில்லை. தேடியது வேறு செய்தி. ஒரு நாடு தனது குதிரைக்காகத் துக்கங் கொண்டாடியதை இன்று ஆண்டுகள் கழித்துப் படிக்கையில், எமக்குக் கோபம் வரவில்லை. ஒரு பிராணியின் நிம்மதியான முதுமைக்காக அழுவதற்கும் ஒரு சமாதானம் வேண்டியிருக்கின்றது என்ற எண்ணமே வந்தது. அச்சமாதானத்தை நாடித்தானே இங்கு வந்தோம்.

இனி, கசப்பான பக்கத்தையும் சொல்லாமல் விடமுடியாது. பிரித்தானியாவில் வீதியோரப் பந்தயக் கடைகள் 1961 மே மாதத்திலிருந்து சட்டபூர்வமாயின. ஒரு குதிரைக்கு 'ஒன்பதுக்கு ஒன்று' என்று எழுதியிருந்தால், ஒரு பவுண் வைத்தவர் வென்றால் ஒன்பது பவுண் இலாபம் பெறுவார். அதன் உட்பொருள், பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதாகும். எல்லாக் குதிரைகளின் வாய்ப்பையும் இவ்வாறு கூட்டிப் பாருங்கள். நூறு வரவேண்டிய இடத்தில் நூறுக்கு மேல் வரும். அந்த மேலதிகம்தான் கடைக்காரரின் பங்கு. எந்தக் குதிரை வந்தாலும் நாளடைவில் கடை வெல்லும் விதம் இதுதான். 1973 இல் கிறிஸ்ப்பின்மேல் பணம் வைத்தவர்கள் முக்கால் குதிரை நீளத்தால் எல்லாவற்றையும் இழந்தார்கள். அந்தக் குதிரையில் என்ன குற்றம்?

குதிரைகளோடு இது நின்றால் பரவாயில்லை. அக்கடைகளில் இருந்த சூதாட்ட இயந்திரங்களில் 20 செக்கனுக்கு ஒருமுறை 100 பவுண் வரை வைக்கும் வசதி இருந்தது. 2019 ஏப்ரலில்தான் அது 2 பவுணாகக் குறைக்கப்பட்டது. இன்றோ கடைக்கே போகத் தேவையில்லை, சட்டைப்பையில் உள்ள கைத்தொலைபேசியே கடை. இணையச் சூதாட்டத்திலிருந்து தம்மைத் தாமே தடைசெய்துகொள்ள நாடளாவிய ஏற்பாடு 2018 முதல் உண்டு என்பதையும், இலவச உதவித் தொலைபேசிச் சேவை உண்டு என்பதையும் எம்மவரில் பலர் அறியார்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. இரவு பெற்றோல் நிலையத்திலும் பகல் கடையிலும் நின்று உழைத்த தகப்பன், பலர் நம்பிக் கொடுத்த சீட்டுக் காசை ஒரே கிழமையில் தொலைத்தார். ஊரில் தங்கையின் திருமணம் தள்ளிப்போனது. வீட்டில் எவரும் சத்தம் போடவில்லை. பேசாமல் இருந்தார்கள், அதுதான் கொடுமை. அவர் பின்னர் எம்மிடம் சொன்னது இதுதான்: "தோத்த காசுக்குப் பின்னால ஓடினன் அண்ணை, அது குதிரையை விட வேகமா ஓடிட்டுது."

மதுரையில் நரிகளைப் பரிகளாக்கிய திருவிளையாடல் எமது பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. பகலில் அரசன் கண்டு மகிழ்ந்த குதிரைகள் இரவில் நரிகளாகி ஊளையிட்டன. பந்தயக் கடையில் வாங்கும் குதிரையும் அத்தகையதே. மாலையில் பரியாக நிற்கும். விடியும்போது வீட்டு முற்றத்தில் நரி ஊளையிடும்.

பந்தயக் களத்திலும் விலை கொடுப்பவை குதிரைகளே. எயின்ட்ரீயில் விழுந்து உயிரிழந்த குதிரைகள் பல. தடைகள் பலமுறை திருத்தப்பட்டன. 2024 முதல் ஓடும் குதிரைகளின் உச்ச எண்ணிக்கை 40 இலிருந்து 34 ஆகக் குறைக்கப்பட்டது. இது போதாது என்போரும் உளர். அவர்களின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது.

ஆயினும் றெட் றம்மின் கதை பந்தயக் கடைக்குச் சொந்தமானதன்று. விற்றவர்களும் வாங்கியவர்களும் மதிக்காத குதிரை. பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்தது, இடத்துக்கு இடம் மாறியது, காலில் நோயோடு வந்தது. அதற்குப் பொருந்திய மணலும் நீரும், பொறுமையுள்ள ஒரு மனிதரும் கிடைத்த பின்னரே அது தன்னைக் காட்டியது. ஐம்பது வயதில் ஆங்கில வகுப்புக்குப் புத்தகப்பை தூக்கிச் செல்லும் எமது தாய்மாருக்கு, பன்னிரண்டு வயதில் ஓடிவென்ற இக்குதிரையின் பெயர் தெரிந்திருப்பது நல்லது.

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளுடன் ஒருநாள் யூஸ்டன் நிலையத்திலிருந்து லிவர்பூலுக்கு ரயில் ஏறுங்கள். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் சவுத்போர்ட்டுக்குப் போகலாம். லோர்ட் வீதியிலுள்ள பழைய அங்காடிக் கூடத்தில் றெட் றம்மின் சிலை நிற்கின்றது. அதைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குச் செல்லுங்கள். கடல் வற்றியிருந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஈரமணல் தெரியும். பிள்ளைகளின் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள். அதற்கு ஒரு சதமும் பந்தயம் வைக்கத் தேவையில்லை.